எட்டரை மணி மழை: மலைமேல் வானிலை பார்ப்பவர்களின் வேலை

மதுரையில் இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "மலை உச்சிகளில் ஆட்கள் தங்கியிருந்து வானிலை பார்த்தார்கள், சில இடங்களில் இன்றும் பார்க்கிறார்கள் என்று படித்தேன். அங்கே அவர்கள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள்? தானியங்கிக் கருவிகள் வந்த பிறகும் ஆள் எதற்கு? நம் பக்கத்து மலைகளில் இப்படி ஏதாவது உண்டா?"

தம்பி, மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

மதுரையில் காலையில் செய்தித்தாளைப் பிரித்தால், பெரியாறு அணை இத்தனை அடி, வைகை அணை இத்தனை அடி, பெரியாறில் மழை இத்தனை மில்லிமீட்டர், தேக்கடியில் இத்தனை என்று ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். மேலூர்ப் பக்கத்து விவசாயி தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் படிப்பார். மதுரை நகரில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தின் ஈரத்தை அந்தப் பக்கமே பிழிந்துவிடுவதால், நமக்கு ஆடியில் காற்றுதான் வரும், மழை வராது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் சித்திரை, வைகாசியில் இடிமழையும் நமக்குச் சொந்தம். ஆனால் வயலுக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு வருசநாட்டு மலையிலும், 1895 முதல் பெரியாற்று அணை திருப்பிவிடும் நீரிலும் இருக்கிறது. ஆக மதுரையின் வானிலையை மதுரையில் மட்டும் நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். மலைமேல் ஒருவர் மழைமானியைத் திறந்து பார்த்து எழுதும் எண்தான் கீழே மதகு திறப்பதா வேண்டாமா என்ற பேச்சுக்கு அடிப்படை.

இப்போது கொடைக்கானல். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை அது மதுரை மாவட்டத்து ஊர்தான். அங்கே 2343 மீட்டர் உயரத்தில் இருக்கும் வானாய்வகம் சூரியனைப் பார்ப்பதற்காக எழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் சூரியன் என்பதைப் பலர் கேட்பதில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம்தான் அதன் பின்னணி. மழை ஏன் பொய்த்தது, அதை முன்கூட்டிச் சொல்ல முடியாதா என்ற கேள்வி அரசை உலுக்கியது. சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அறிவியலாளர் சிலர் அப்போது வலுவாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையில், சூரியனைத் தினமும் படம்பிடிக்க மேகத்துக்கும் தூசிக்கும் மேலே ஓர் இடம் தேடினார்கள். மிச்சி ஸ்மித் என்ற வானியலாளர் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895-இல் சென்னை ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899-இல் சென்னை வானாய்வகத்தின் வேலைகள் மலைக்கு இடம்பெயர்ந்தன, அன்றைய இந்திய வானிலைத் துறையின் பொறுப்பில். 1971-இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தனி அமைப்பாகும் வரை அந்த உறவு நீடித்தது. ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் கரும்புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கேதான்.

கரும்புள்ளியை வைத்து மழையைச் சொல்லலாம் என்ற எண்ணம் பலிக்கவில்லை. வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் கணக்குப் போட்டுப் பார்த்து, தொடர்பு வலுவாக இல்லை என்று கண்டார். ஆனால் உலகெங்கும் உள்ள நிலையங்களின் அழுத்தத்தையும் மழையையும் வெப்பத்தையும் வரிசைப்படுத்திய அதே மனிதர்தான், பசிபிக் கடலின் இரு பக்கத்துக் காற்றழுத்தமும் ஊசலாடுவதைக் கண்டுபிடித்தார். இன்று எல் நினோ ஆண்டு என்று செய்தியில் சொல்கிறார்களே, அதன் பாதி வேர் அந்தக் கண்டுபிடிப்பு. எந்தக் கேள்விக்காக எண்களைச் சேர்த்தார்களோ அந்தக் கேள்விக்கு அவை உதவவில்லை, வேறு ஒன்றுக்கு உதவின. வானிலைப் பதிவேட்டின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழகத்தின் விளிம்பில் இன்னொரு மலை உண்டு, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1850-களில் திருவிதாங்கூர் மன்னரின் வானாய்வகத்துக்குத் தலைவராக இருந்த ஜான் ஆலன் புரூன், பொதிகையின் அகத்தியமலை உச்சியிலேயே ஓர் ஆய்வகம் கட்டினார். 1868 மீட்டர் உயரம், சுற்றிலும் யானைக் காடு, பருவமழைக் காலத்தில் நாள் கணக்கில் விடாத மழை. திருவனந்தபுரத்திலும் உச்சியிலும் ஒரே நேரத்தில் காந்த ஊசியையும் காற்றழுத்தத்தையும் பார்த்தால்தான், உயரம் என்ன மாற்றத்தைச் செய்கிறது என்று பிரித்தறிய முடியும் என்பது அவருடைய நோக்கம். ஐரோப்பாவின் புகழ்பெற்ற சிகர நிலையங்கள் பலவற்றுக்கும் முன்னால் நடந்தது இது. நம் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்ற இந்த இரட்டைப் பார்வைதான் மலை நிலையத்தின் உயிர். ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் என்ற மலை, உயரம் 1345 மீட்டர்தான், கொடைக்கானலைவிடக் குறைவு. 1881, 1882 கோடைகளில் கிளெமென்ட் ராக் என்பவர் தினமும் அதில் ஏறி உச்சியில் அளவு எடுத்தார். அதே நேரங்களில் அடிவாரத்தில் அவருடைய மனைவி அளவு எடுத்தார். கணவரின் பெயர்தான் பரவலாகத் தெரியும், ஆனால் கீழே எடுத்த எண் இல்லாவிட்டால் மேலே எடுத்ததற்குப் பாதி மதிப்புதான். அவர்கள் காட்டிய வழியில் 1883-இல் உச்சியில் நிரந்தர ஆய்வகம் திறந்தது. 1904-இல் பணமில்லாமல் மூடும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், இரவும் பகலும் மணிக்கு ஒருமுறை ஒருவர் வெளியே போய் அளவு எடுத்தார். புயல் நாட்களில் ஒருவரோடொருவர் கயிற்றால் கட்டிக்கொண்டு போனார்கள். பனி வாசலை மூடிவிடும் என்பதால் வெளியேற மேலே ஒரு கோபுரம் கட்டிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் ஏன் இத்தனை பாடு? மேல் வளிமண்டலத்தை எட்டிப்பிடிக்க வேறு வழி கிடையாது. 1879-இல் ரோமில் கூடிய பன்னாட்டு வானிலை மாநாடு உயரமான சிகரங்களில் நிலையம் வைக்கச் சொன்னது. ஆஸ்திரியாவில் ராவ்ரிஸ் பள்ளத்தாக்கில் தங்கச் சுரங்கம் நடத்திய ரொயாச்சர் என்பவர், 3106 மீட்டர் உயரச் சோன்பிளிக் உச்சியில் 1886-இல் நிலையம் கட்டிக்கொடுத்தார். அது இன்றும் நடக்கிறது. ஜப்பானில் நோனாகா இதாரு, 1895 குளிர்காலத்தைப் பூஜி மலையின் 3776 மீட்டர் உச்சியில் கழிக்க ஒரு குடிலைக் கட்டினார். மனைவி சியோகோ பின்னாலேயே ஏறி வந்து அவரோடு முறைவைத்து அளவு எடுத்தார். டிசம்பரில் இருவரும் உயிருக்கு ஆபத்தான நிலையில் கீழே கொண்டுவரப்பட்டார்கள். அந்த உச்சியில் 1932 முதல் 2004 வரை ஆட்கள் தங்கிப் பணிபுரிந்தார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி: நாள் முழுவதும் என்ன வேலை?

நான் சமவெளியிலும் மலையிலும் இந்தப் பணி செய்தவன் என்பதால் எங்கள் முறையையே சொல்கிறேன். உலகமெங்கும் ஒரே நேரத்தில் அளவு எடுக்க வேண்டும் என்பது விதி. கிரீன்விச் நேரப்படி மூன்று மணிக்கு ஒருமுறை என்பது நமக்குக் காலை ஐந்தரை, எட்டரை, பதினொன்றரை என்று வரும். அதில் எட்டரை மணிதான் தலையாயது. முந்தைய இருபத்து நான்கு மணி நேர மழை அப்போதுதான் கணக்காகும். வானிலைத் துறை செய்தியில் சொல்லும் ஒருநாள் மழையளவு எட்டரை முதல் எட்டரை வரை.

வேலை எட்டரைக்குத் தொடங்காது, எட்டேகாலுக்கே வெளியே போக வேண்டும். முதலில் வானம். மொத்தத்தை எட்டுப் பங்காக மனதில் வகுத்து, மேகம் எத்தனை பங்கை மூடியிருக்கிறது, குவி மேகமா, படை மேகமா, மேலே கீற்று மேகம் இருக்கிறதா, அடித்தளம் எந்த உயரம், எவ்வளவு தூரம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு காற்றின் திசை, வேகம். பிறகு மழைமானி. பிறகு ஸ்டீவன்சன் பெட்டி, அதாவது காற்று புகும் சாய்பலகைகளும் வெள்ளை வண்ணமும் கொண்ட மரப்பெட்டி. கதவைத் திறந்ததும் உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகளை உடனே படித்துவிட வேண்டும். தாமதித்தால் நம் மூச்சும் உடல் சூடும் பாதரசத்தை ஏற்றிவிடும். கண் பாதரச நுனிக்கு நேராக இருக்க வேண்டும், கொஞ்சம் மேலே நின்றாலும் அளவு பிசகும். முதலில் பத்தில் ஒரு பங்கு டிகிரியைப் படிக்க வேண்டும், அப்புறம் முழு டிகிரி. ஏனென்றால் பின்னம்தான் சீக்கிரம் மாறும். கடைசியில் உள்ளே வந்து, சரியாக எட்டரைக்குக் காற்றழுத்தமானி. எல்லாவற்றையும் பாக்கெட் ரிஜிஸ்டரில் எழுதி, ஐந்தைந்து இலக்கச் சங்கேதமாக மாற்றி அனுப்ப வேண்டும்.

மலையில் இதே வேலை வேறு முகம் காட்டும். கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் 770 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருக்கும், கடல்மட்டத்தில் சராசரி 1013. தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகாது, குக்கர் இல்லாத சமையலறை அங்கே சிரமம். சமவெளி நிலையம் தன் அழுத்தத்தைக் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும். இவ்வளவு உயரத்தில் அந்தக் கணக்கு நம்பத்தக்கதல்ல என்பதால் மலை நிலையம் வேறு வகையில் சொல்லும். மேகத்தைப் பற்றியும் அப்படித்தான். மார்கழிக் காலையில் சமவெளி முழுவதும் மேகம் பரவி, நாம் வெயிலில் நின்று அதன் முதுகைப் பார்ப்போம். நிலையத்துக்குக் கீழே கிடக்கும் மேகத்தை எழுதுவதற்கென்றே பன்னாட்டுச் சங்கேதத்தில் தனிப் பகுதி இருக்கிறது. சமவெளியில் வேலை பார்ப்பவருக்கு வாழ்நாள் முழுவதும் அது தேவைப்படாது.

காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கிட உதவும் ஈரக் குமிழ்தான் மலையில் அதிகம் சோதிக்கும். அந்தக் குமிழைச் சுற்றி மஸ்லின் துணி இருக்கும், ஒரு திரி சிறு கிண்ணத்திலிருந்து தண்ணீரை இழுக்கும். உறைபனி விழும் தை மாத விடியலில் துணியே உறைந்துவிடும். அப்போது சிறிது நேரம் முன்பே போய் குமிழின்மேல் மெல்லிய பனிப்பூச்சை உருவாக்கிக் காத்திருந்து படிக்க வேண்டும். கை விறைத்துப்போன நிலையில் பொறுமையாகக் காத்திருப்பது எளிதல்ல, ஆனால் அவசரப்பட்டு எழுதிய ஈரப்பதம் பொய்யான ஈரப்பதம். இன்னொன்றும் கவனியுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் கொடைக்கானல் ஏரிக்கரைப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் காலையில் மேட்டில் உறைபனியே இல்லாமல் இருக்கலாம். "கொடைக்கானலில் பூஜ்ஜியம் டிகிரி" என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில், தரையிலிருந்து எந்த உயரத்தில் என்று கேளுங்கள்.

உலகத்தின் கொடிய மலைகளில் பாடு இன்னும் பெரிது. அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் 1917 மீட்டர்தான். ஆனால் புயல்கள் சந்திக்கும் இடம், உச்சிக் கட்டடங்களைப் பாறையோடு சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 1934 ஏப்ரல் 12 அன்று அங்கே மணிக்கு 372 கிலோமீட்டர் காற்று பதிவாயிற்று. அன்று அங்கே பணியிலிருந்த சில இளைஞர்கள் வெளியே போய்க் கருவியில் உறைந்த பனியைத் தட்டிவிட்டு, உள்ளே வந்து நிறுத்துக்கடிகாரத்தை வைத்துக் கருவியின் துடிப்பை எண்ணினார்கள். அதோடு விடவில்லை, எண்ணை நம்பலாமா என்று பிறகு கருவியையே சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தச் சாதனை 1996-இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் வீசிய புயலால்தான் முறிந்தது. காற்றைவிட அந்தச் சோதனைதான் எனக்குப் பெரியது. இன்றும் அங்கே ஒரு குழு ஒரு வாரம் தங்கி அடுத்த குழுவுக்கு இடம் தருகிறது, இன்றும் பனியைக் கையால்தான் தட்டுகிறார்கள்.

தனிமையைப் பற்றியும் கேட்பீர்கள். ஸ்விட்சர்லாந்தின் சான்டிஸ் மலையில் 1922 பிப்ரவரியில் வானிலை பார்ப்பவரும் அவர் மனைவியும் கொல்லப்பட்டார்கள். கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வழக்கமான வானிலைத் தந்தி வரவில்லை. தந்தி தவறாத மனிதர் என்பதால்தான் சந்தேகம் எழுந்து ஆள் அனுப்பினார்கள்.

பலன்? 1894 செப்டம்பரில் பென் நெவிஸில் இரண்டு வாரம் உதவிக்குத் தங்கிய சார்ல்ஸ் வில்சன், மேகத்தின்மேல் விழுந்த தன் நிழலைச் சுற்றி வண்ண வளையங்களைக் கண்டார். அதைப் பரிசோதனைக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க முயன்றதிலிருந்து மேக அறை பிறந்தது, அணுத்துகளின் பாதை கண்ணுக்குத் தெரிந்தது, 1927-இல் நோபல் பரிசும் வந்தது. நீங்கள் பாடத்தில் படிக்கும் மேக அறையின் தாய்வீடு ஒரு வானிலை நிலையம். அந்த நிலையத்தின் பழைய பதிவேடுகளை நம் காலத்தில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் உட்கார்ந்து கணினியில் ஏற்றினார்கள். பழைய புயல்களை மறுபடி கட்டியெழுப்ப அவை உதவுகின்றன. எழுதியவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது ஆள் எதற்கு என்ற கேள்வி. நேர்மையான பதில்: முன்புபோல் எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை. பலூனில் கட்டிய கருவிகள் மேல் வளிமண்டலத்தை அளக்கத் தொடங்கியதும் சிகரங்களின் தனியுரிமை போய்விட்டது, செயற்கைக்கோள் வந்ததும் மேலும் குறைந்தது. வெப்பம், அழுத்தம் இரண்டையும் தானியங்கி நன்றாகவே எடுக்கும், நள்ளிரவிலும் தூங்காது. அதை எதிர்ப்பவன் அல்ல நான்.

ஆனால் மழைமானியின் புனலில் இலை விழுந்து அடைத்துக்கொண்டால் கருவி "மழை இல்லை" என்றே எழுதும், தான் பொய் சொல்கிறோம் என்று அதற்குத் தெரியாது. மலையில் பலத்த காற்று மழையைச் சாய்த்து அடிக்கும்போது மானிக்குள் விழுவது குறைவு, உண்மையில் பெய்தது அதிகம். அருகில் நின்று பார்த்தவர் அதைக் குறிப்பில் எழுதுவார். சோலைக்காட்டில் மஞ்சு இலையில் படிந்து சொட்டும் நீரை எந்த மானியும் பிடிப்பதில்லை. அந்த நீரும் ஓடையில் சேர்ந்து கீழே வருகிறது. ஒரு மலைமுகட்டின் இரு பக்கத்திலும் மழை இரண்டு மடங்கு வித்தியாசப்படும்போது நம் மலைகளில் நிலையங்கள் போதாது என்பது என் திடமான கருத்து. கருவிகளைக் கூட்டுங்கள், கூடவே அவற்றைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர் மனிதரையும் வையுங்கள் என்பேன். தேயிலைத் தோட்டங்களிலும் அணைகளிலும் பல காலமாக மழை எழுதிவரும் சாதாரண ஊழியர்களுக்கு நாம் தர வேண்டிய மரியாதையை இன்னும் தரவில்லை.

இந்த வேலையில் ஒரே ஒரு பாவம் உண்டு: பார்க்காமல் எழுதுவது. மழை கொட்டுகிறது, காய்ச்சல், யாரும் பார்க்கப்போவதில்லை, நேற்றைய எண்ணை ஒட்டி ஓர் எண்ணைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். பதிவேட்டில் விடுபட்ட இடம் ஒரு காயம்தான், ஆனால் ஆராய்ச்சியாளருக்கு அது தெரியும், சுற்றிக்கொண்டு போவார். பொய் எண் தெரியாது. நூறாண்டு கழித்தும் சராசரிக்குள் உட்கார்ந்து கெடுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் மூத்தவர்கள் தாமதமாக எடுத்த அளவுக்குப் பக்கத்தில் உண்மையான நேரத்தையே எழுத வைப்பார்கள், வசவு வாங்கினாலும் பரவாயில்லை என்று.

இந்தத் துறைக்கு வர விரும்பினால், உங்கள் இயற்பியல் பட்டம் போதுமான அடிப்படை. இந்திய வானிலைத் துறைக்கான அறிவியல் உதவியாளர் பணிக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) தேர்வு நடத்தியிருக்கிறது, அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருங்கள். அதற்கு முன்பே வீட்டில் தொடங்கலாம். நம் துறை மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர், விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம். அந்த வாயளவுக்கு 20 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர் மழை. வாய் ஒழுங்கான வட்டமாக உள்ள எந்தப் பாத்திரத்துக்கும் இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். மொட்டை மாடி வேண்டாம், அங்கே காற்று மழையைக் களவாடும். காலை எட்டரைக்கு அளந்து எழுதுங்கள். மழை இல்லாத நாளில் பூஜ்ஜியம் எழுதுங்கள், ஊரில் இல்லாத நாளில் கோடு போடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அதே நாட்களின் பெரியாறு, தேக்கடி மழையைச் செய்தித்தாளிலிருந்து பக்கத்துப் பத்தியில் எழுதிவாருங்கள். ஓர் ஆடியும் ஓர் ஐப்பசியும் கடந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.